டபுள் புட்டு, பிளான் நம்பர் ஏழு

மனிதன் குகையை விட்டு வெளியே வந்ததன் நோக்கம், குழித்துறைக்கு மேற்கே பழைய ரப்பர் தோட்டத்தை வெட்டிப் போட்ட சாலையில் பதினொரு வீடு கட்டுவதுதான். இடையில் அவன் கண்டுபிடித்த சக்கரம், சோறு, சந்திரனுக்கு ராக்கெட் எல்லாம் அந்தப் பதினொன்றுக்காகக் கட்டிய சாரம். வேலை முடிந்ததும் அவிழ்த்துப் போட வேண்டியவை.

கான்ட்ராக்டர் வினோஜின் நோட்டீசில் அந்த வீட்டுக்குப் பெயர் ‘இம்பீரியல் வில்லா, பிளான் நம்பர் ஏழு’. ஒன்று முதல் ஆறு வரை என்ன ஆயிற்று என்று கேட்கக்கூடாது. ஏழில் தொடங்கினால் முன்பே ஆறு கட்டி முடித்த ஆள் மாதிரி இருக்கும் என்பது வினோஜின் தொழில் ஞானம்.

கட்டின கொத்தனார்களும் கையாட்களும் வைத்த பெயர் வேறு. ‘டபுள் புட்டு.’ முகப்பில் இரண்டு மாடி உயரத்துக்கு இரண்டு உருண்டைத் தூண்கள், குழலிலிருந்து உடையாமல் தள்ளி நிறுத்திய புட்டு மாதிரி நிற்கும். இதிலும் உட்பிரிவுகள் உண்டு. மதில் மேல் வரிசையாகச் சிமெண்டு உருண்டை வைத்திருந்தால் ‘புட்டும் பயறும்’. மாடியில் வட்ட ஜன்னல் இருந்தால் ‘பப்படத்தோட’. மஞ்சள் பெயிண்ட் அடித்தால் ‘பழம் சேர்த்து’. வேலைக்குக் கூப்பிடும்போது, “ஒரு டபுள் புட்டு, பப்படத்தோட, பதினெட்டு மாசத்து வேலை” என்று சொன்னால் போதும். எத்தனை மூட்டை சிமெண்டு, கால்முட்டு எவ்வளவு தேயும் என்பதெல்லாம் ஆளுக்குத் தெரிந்துவிடும். இவ்வளவு துல்லியமான அறிவியல் கல்லூரியில்கூடக் கிடையாது.

இந்தச் சாலையின் பதினொரு வீடுகளின் மாபெரும் சிறப்பு ஒற்றுமை. ஒரே தூண், ஒரே கிரீம் கலர், ஒரே எட்டடி மதில், இரண்டு சிங்கம் பதித்த ஒரே கேட். நாட்டில் ஒற்றுமை குறைந்துவிட்டது என்று மேடையில் வருந்துகிறவர்கள் ஒருநாள் இங்கே வந்து பார்க்கலாம். திரும்பிப் போகும்போது எந்த வீட்டுக்கு வந்தோம் என்று தெரியாமல் வருந்தலாம். பூட்டுகளை வினோஜ் மொத்தமாக வாங்கினான். கடைக்காரர் “எல்லாம் ஒண்ணுபோல இருக்கும்” என்று உத்தரவாதம் கொடுத்தார். வாக்குத் தவறவில்லை. பதினொரு வீட்டுப் பின்கதவுக்கும் ஒரே சாவி.

இதை முதலில் கண்டுபிடித்தவர் ராஜையன். வயது ஐம்பத்தெட்டு. பதினொரு வீட்டுக்கும் தரை டைல்ஸ் ஒட்டியது அவர் கைதான். குத்தவைத்தே ஒட்டியதில் இரண்டு முட்டும் போய்விட்டன. சாவி விஷயத்தை வினோஜிடம் சொன்னபோது அவன், “அது ஒரு வசதி அண்ணே” என்றான். நோட்டீசில் அதையும் சேர்த்துவிடுவான் என்று பயந்து ராஜையன் அதற்குமேல் பேசவில்லை.

சாலையில் ஆறாவது வீடு எபிசனுக்குச் சொந்தம். ஐயாயிரத்து நானூறு சதுரடி, ஏழு பாத்ரூம், உடற்பயிற்சி அறை, சினிமா பார்க்க ஒரு அறை. எபிசன் தோஹாவில் வேலை பார்க்கிறார். கேட் மாட்டுவதற்கென்றே நான்கு நாள் லீவில் வந்தவர். அதில் மூன்று நாள் அதைத் திறந்தும் மூடியும் பார்த்தார். நான்காம் நாள் துடைத்தார்.

வீட்டில் இருப்பது அவருடைய அம்மா ஜெபகனி மட்டும். ஐயாயிரத்து நானூறு சதுரடியில் அவர் புழங்குவது நூற்றிருபது. இதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாலை முழுக்க அப்படித்தான். முன்பக்கத்தில் பளபளவென்று ஒரு அடுக்களை இருக்கும். அது பார்ப்பதற்கு. பின்பக்கத்தில் ‘வொர்க் ஏரியா’ என்று ஒரு தகரக்கூரைச் சாய்ப்பு இருக்கும். அங்கேதான் அடுப்பு, மீன்சட்டி, கட்டில், ஆள் எல்லாம். வீட்டின் மற்ற பாகங்கள் அந்தச் சாய்ப்புக்கு வெயில் படாமல் மறைப்பதற்காகக் கட்டியவை.

சாய்ப்பின் உச்சி மூலையில் எபிசன் ஒரு காமிரா வைத்திருந்தார். பேசவும் செய்யும் காமிரா. தினமும் காலை பதினொன்றுக்கு அது கேட்கும்: “அம்மா, சாப்பிட்டியா? மருந்து குடிச்சியா? கேட்டைப் பூட்டினியா?” ஜெபகனி அண்ணாந்து மூன்றுக்கும் ஆமாம் சொல்வார். தாய்ப்பாசம், சேய்ப்பாசம் இரண்டும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். விஞ்ஞானத்துக்கு நன்றி.

ராஜையன் ஆரல்வாய்மொழியில் ஒரு புதிய டபுள் புட்டுக்கு டைல்ஸ் ஒட்டப் போய், பத்தொன்பது நாள் அங்கேயே தங்கி, காற்றாலைக் காற்றாடி இரைச்சலில் காது அடைத்துப் போய்த் திரும்பியிருந்தார். வந்த மறுநாளே வினோஜ் கூப்பிட்டான். எபிசன் நாளைக்கு லீவில் வருகிறார். கீழே ஒரு பாத்ரூம் ஒழுகுகிறது. இன்றைக்குள் சரியாக்க வேண்டும். ராஜையனுக்கு அந்த வீட்டுக்குப் போவதென்றால் அலுப்பில்லை. ஜெபகனி மாமி பால் விடாத கட்டன் சாயா போட்டுத் தருவார். கட்டின நாளிலிருந்து அவர் மட்டும்தான் ராஜையனிடம், “உக்காரு மக்கா” என்று சொல்லிவிட்டு, உட்காரும்வரை பார்த்துக்கொண்டும் இருப்பார். ஆரல்வாய்மொழிக்குப் புறப்பட்ட அன்று, “ஒருநாளு மாடிக்கு ஏறிப் பாக்கணும் மக்கா. என் பிள்ளை மேல என்னதான் வச்சிருக்கான்னு தெரியாண்டாமா?” என்றும் சொல்லியிருந்தார்.

பின்வாசல் படியில் கால் வைக்கும்போதே இது ஆறாவது வீடுதான் என்று ராஜையனுக்கு உறுதியாகிவிட்டது. அங்கே ஒரு டைல் கோணல். வேலை முடிகிற நாள் சாயங்காலம் கை சோர்ந்து, பூவைத் திருப்பி ஒட்டிவிட்டார். மற்ற பத்து வீட்டிலும் இல்லாத ஒரே பொருள் அந்தத் தப்பு. அதை மாற்றச் சொல்லி வினோஜ் மூன்று முறை எச்சரித்திருந்தான்.

உள்ளே நைட்டி உடுத்து, தோளில் தோர்த்துத் துண்டு போட்டு, நரைத்த தலையோடு ஒரு வயதான பெண் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தார். நைட்டி அது, தோர்த்தும் அது. ஆள் வேறு. மூன்றாவது வீட்டிலோ நான்காவதிலோ எங்கேயோ பார்த்த முகம். சுபின் என்கிறவனின் அம்மா, அன்னக்கிளி.

ராஜையன் கண்ணைக் கசக்கினார். “இது ஜெபகனி மாமி வீடில்லியா?”

“இருக்கும்,” என்றார் அன்னக்கிளி. “எனக்கு உறுதியாட்டு தெரியாது.”

“மாமி எங்க?”

“நான் வந்தப்பம் யாரும் இல்ல மக்கா. வந்து மூணு வாரம் ஆவப்போவுது.”

சுவரோரமாக ஜெபகனியின் போன் சார்ஜில் கிடந்தது. அது அவ்வப்போது அடிக்கும் என்றும், தன் போன் இல்லையே என்று எடுப்பதில்லை என்றும் அன்னக்கிளி நேர்மையாகச் சொன்னார்.

அடுத்த கேள்வியை ராஜையன் கேட்பதற்குள் மணி பதினொன்று ஆகிவிட்டது. உச்சி மூலை செருமியது. தண்ணீருக்குள்ளிருந்து தாரா வாத்து பேசுவதுபோல ஒரு குரல்.

“அம்மா, சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன் மக்கா,” என்றார் அன்னக்கிளி, மீனை விட்டுத் தலையைத் தூக்காமல்.

“மருந்து குடிச்சியா?”

“குடிச்சாச்சு.”

“கேட்டைப் பூட்டினியா?”

“பூட்டினேன் மக்கா.”

காமிரா திருப்தியாக அணைந்தது. மேலேயிருந்து பார்க்கிற காமிராவுக்கு உச்சந்தலைதான் தெரியும். பிளான் நம்பர் ஏழில் எல்லா உச்சந்தலையும் வெள்ளைதான்.

ராஜையன் கணக்குப் போட்டுப் பார்த்தார். மாமி வீட்டில் இல்லை. போன் இங்கே கிடக்கிறது. மூன்று வாரமாக ஒருத்தரும் தேடவில்லை. மாடிக்கு ஏறிப் பார்க்கணும் என்று சொன்ன ஆள். மாடிப்படிக்குக் கண்ணாடி மாதிரி வழுக்கும் டைல்ஸை ஒட்டியவர் வேறு யாருமில்லை, அவரேதான். “காலு நனைஞ்சிருந்தா வழுக்கும் மக்கா” என்று அன்றைக்கு வினோஜிடம் சொன்னார். “முகம் பாக்கலாம் அண்ணே” என்று வினோஜ் சொன்னான். அதற்குப் பிறகும் ஒட்டியது எந்தக் கை? ராஜையன் தன் கையைப் பார்த்தார். அதில் ஆரல்வாய்மொழிச் சிமெண்டு இன்னும் இருந்தது.

வினோஜுக்குப் போன் போட்டார். பத்து நிமிடத்தில் கையில் சுருட்டிய பிளானோடு வந்து சேர்ந்தான். கட்டினவனே பிளான் இல்லாமல் உள்ளே போகத் துணியவில்லை என்பதிலிருந்து அந்த வீட்டின் கம்பீரம் விளங்கும்.

வினோஜ் நிலைமையை ஆராய்ந்து, “முதல்ல பதறாண்டாம், முறைப்படி போவோம்” என்றான். உடனடியாக இரண்டு பேர் கொண்ட ‘தேடுதல் பணிக்குழு’ அமைந்தது. அன்னக்கிளி ‘சிறப்பு அழைப்பாளர்’. மீன் கொதிக்கிறது என்பதால் அவர் பங்கேற்க இயலவில்லை. வினோஜ் தலைமை தாங்கினான். ராஜையன் தேடினார்.

படியை அவர் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினார். இருபத்தாறு படி. ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பார்த்தார். தூசிதான். கால் தடம்கூட இல்லாத நல்ல கனமான தூசி. அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அவருக்கு விளங்கவில்லை. தூசி விழ எத்தனை நாள் ஆகும் என்று வினோஜிடம் கேட்டார். அது ‘மெயின்டனன்ஸ்’ விஷயம், ஒப்பந்தத்தில் வராது என்றான் வினோஜ்.

மேலே ஒவ்வொரு கதவையும் திறக்கும்போது ராஜையன், “மாமி…” என்று மெல்லக் கூப்பிட்டார். வீடு அதை வாங்கி நான்கு தரம் திருப்பிச் சொல்லியது. சோபாக்கள் பிளாஸ்டிக் உறையோடு அமர்ந்திருந்தன. ஓடுகிற மெஷினில் யாரும் ஓடியிருக்கவில்லை. மாடிப் பாத்ரூம் ஒவ்வொன்றிலும் குழாயில் கடை ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. சினிமா அறையில் மட்டும் குடித்தனம் இருந்தது: ஒரு மரநாயும் மூன்று குட்டிகளும். பிளான் நம்பர் ஏழை முழுமனதோடு அனுபவித்த முதல் குடும்பம் அதுதான். முன்வரிசை இருக்கைகளை எடுத்துக்கொண்டிருந்தன. அனுமதியின்றி உள்ளே வந்தவர்களை அவை பார்த்த பார்வையில் வினோஜ் மன்னிப்புக் கேட்டுக் கதவைச் சாத்தினான்.

அதன்பிறகு ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்தார்கள். அரை மணி நேரத்தில் ராஜையனின் போன் அடித்தது. வினோஜ்.

“அண்ணே, நீங்க எங்க நிக்கிய?”

“படிக்கிட்ட. நீ எங்க?”

“மேலதான். உடுப்பு வைக்கிற ரூம்ல. கதவைத் திறந்தா அடுத்த உடுப்பு ரூம் வருது. கீழ எறங்குக வழி எது அண்ணே?”

“பிளானு உன் கையிலல்லா இருக்கு.”

“இதுல மாடிப்படியைக் காட்டல்ல,” என்றான் வினோஜ், குரல் சுருங்கி.

அவனைக் கைப்பிடித்துக் கீழே கொண்டுவந்தபின் ராஜையன் வொர்க் ஏரியாத் தரையில் உட்கார்ந்துவிட்டார். முட்டு இரண்டும் துடித்தன. மேலே இல்லை. அது ஒரு ஆறுதல். அப்படியானால் எங்கே? நாளைக்கு மகன் வந்து நிற்கும்போது என்ன சொல்வது? அதைவிட, மாமி எங்கேயாவது விழுந்து கிடந்து, தண்ணீர் கேட்டுக் கேட்டு… அவருக்கு அதற்குமேல் நினைக்கப் பிடிக்கவில்லை.

அன்னக்கிளி ஒரு கட்டன் சாயாவைக் கொண்டுவந்து வைத்தார். அதே கண்ணாடி கிளாஸ். ராஜையன் அதைத் தொடாமல், அம்மா இந்த வீட்டுக்கு எப்படி வந்தீர்கள், ஆதியிலிருந்து சொல்லுங்கள் என்று கேட்டார். இதைப் பணிக்குழு ஒரு மணி நேரம் முன்பே கேட்டிருக்கலாம். ஆனால் பணிக்குழுக்கள் அப்படிக் கேட்பதில்லை.

அன்னக்கிளி சொன்னார். கண்ணில் புரை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டோடும் கறுப்புக் கண்ணாடியோடும் மத்தியானம் ஆட்டோவில் திரும்பினார். டிரைவர் சிங்கம் வைத்த கேட் எது என்று கேட்டான். பதினொன்றிலும் சிங்கம் இருந்தது. ஒரு சிங்கத்தின் முன் இறக்கிவிட்டுப் போனான். சாவி திறந்தது. கட்டில் இருக்க வேண்டிய இடத்தில் கட்டில் இருந்தது. படுத்துத் தூங்கிவிட்டார். நாலைந்து நாள் கழித்துக் கண் தெளிந்து பார்த்தால், சுவரில் தன் வீட்டில் இல்லாத சர்ச் காலண்டர் தொங்குகிறது.

“அப்பம் வேற வீடுன்னு தெரிஞ்சுதுல்லா? ஏன் போவல்ல?” என்றான் வினோஜ்.

“மீன் புளிமொளம் வச்சுட்டேன் மக்கா. பாதியில எப்பிடி விட்டுட்டுப் போவ?” என்றார் அன்னக்கிளி. பிறகு குரலைத் தாழ்த்தினார். “அதுக்கும்மேல, இந்தப் பய மூணே கேள்வியில விட்டுருகான். என் சுபின் பிடிச்சா ஒரு மணிக்கூறு. சாயங்காலத்து சீரியலை நான் பாத்ததே இல்ல, கேட்டியா?”

ராஜையன் சாயாவைக் கையிலெடுத்தார். மெல்ல ஒரு யோசனை வந்தது. அன்றைக்கு ஜெபகனியும் பிரஷர் மாத்திரை வாங்கப் போயிருக்க வேண்டும். மாதத்தில் ஒருநாள் போவார். திரும்பி வந்து கதவைத் திறந்திருப்பார். கட்டிலில் ஒரு ஆள் தூங்குகிறது. ஜெபகனி மாமி என்ன செய்வார்? எழுப்புவாரா? தூங்குகிற ஆளை எழுப்புகிற பிறவி அல்ல அவர். “இவ்வளவு நிம்மதியா ஒருத்தி ஒறங்கணும்னா இது அவ வீடாக்கும், நம்ம வீடில்ல” என்று சத்தமில்லாமல் கதவைச் சாத்தி, அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார். சாவி திறந்திருக்கும்.

அவர் எழுந்தார். சாயா பாதியில் கிடந்தது. வினோஜ் பின்னால் ஓடினான். அடுப்பை அணைத்துவிட்டு அன்னக்கிளியும் வந்தார். ஐந்தாவது வீட்டில் ஒருத்தரும் இல்லை, படுக்கக் கட்டிலும் இல்லை. நான்காவது வீட்டுக்குப் போனார்கள். நடுவில் எட்டடி மதில்; இந்தப் பக்கம் ஒரு அம்மா தும்மினால் அந்தப் பக்கத்து அம்மாவுக்குக் கேட்காத பாதுகாப்பு.

நான்காவது வீட்டு வொர்க் ஏரியாவில், காலை ஒரு முக்காலிமேல் நீட்டி வைத்து, முட்டுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார் ஜெபகனி.

ராஜையன் வாசலில் நின்றுவிட்டார்.  தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். வியர்வை என்று வைத்துக்கொள்ளலாம்.

“வா மக்கா. காத்தாடி நாட்டுலேருந்து எப்பம் வந்தா?” என்றார் ஜெபகனி. “உக்காரு.”

ராஜையன் உட்காரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமி, இது உங்க வீடில்ல.”

“தெரியும். படியில காலு வச்சப்பமே தெரியும். உன் கோணல் டைலு இல்லியே.”

“பின்னே ஏன் இஞ்ச இருக்கிய?”

ஜெபகனி எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக வைத்தார். அங்கே ஒருத்தி உறங்குகிறாளே, ஒரு ராத்திரி இங்கே தங்கிவிட்டுக் காலையில் விசாரித்துப் போகலாம் என்றுதான் நினைத்தாராம். சாயங்காலம் நாலு மணிக்கு உச்சி மூலைக் காமிராவிலிருந்து ஒரு குரல், கண் எப்படி இருக்கு அம்மா என்று கேட்டது. கண்ணுக்கு ஒன்றுமில்லை, முட்டுதான் வலிக்கிறது என்று இவர் சும்மா சொல்லி வைத்தார். மறுநாள் அது மறக்காமல், முட்டு எப்படி இருக்கு, எண்ணெய் தேய்த்தியா என்று கேட்டது. அதற்கு மறுநாள் எந்த எண்ணெய் என்று கேட்டது. அதற்கும் மறுநாள், சூடாக்கித் தேய்த்தியா, சும்மா தேய்த்தியா என்று கேட்டது.

“யாருக்க பிள்ளைன்னு தெரியாது,” என்றார் ஜெபகனி. “அந்தப் பெட்டியில எல்லாரு தொண்டையும் தாரா தொண்டைதான். ஆனா எனக்க முட்டுக்கு இப்பம் கொஞ்சம் பரவாயில்ல.”

“அது எனக்க பிள்ளையாக்கும்,” என்றார் அன்னக்கிளி பின்னாலிருந்து. பெருமையா, தொந்தரவு ஒழிந்த நிம்மதியா என்று தெரியாத ஒரு குரல். “ஓயாம நொய்நொய்னு கேட்டுட்டே இருப்பான்.”

“தங்கமான பயலாக்கும். நீ ஒண்ணும் சொல்லாத.”

எபிசன் நாளைக்கு வருகிறார், இப்போதே புறப்படுங்கள் என்று வினோஜ் அவசரப்படுத்தினான். ஜெபகனி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணிக்கு அந்தப் பயல் கேட்பான், பதில் சொல்லிவிட்டு வருகிறேன், கேட்கிறவனைக் காக்கப்போடக் கூடாது என்றார்.

அதற்குள் வினோஜின் போன் அடித்தது. எபிசன்தான். பெட்டி கட்டுகிற நடுவில் சும்மா காமிராவைப் பார்த்திருக்கிறார். அடுப்பு இருக்கிறது, அம்மா இல்லை.

வினோஜ் ஸ்பீக்கரைப் போட்டு, தொண்டையைச் சரிசெய்து, தகுந்த மரியாதையோடு விளக்கத் தொடங்கினான். பயப்பட ஒன்றுமில்லை, குடியிருப்பாளர் மட்டத்தில் ஒரு சின்ன ‘இடமாற்றம்’ நடந்திருக்கிறது, அம்மா நலம், ஆனால் பத்தொன்பது நாளாக அவர் நான்காவது வீட்டில் இருக்கிறார், தினமும் உங்களிடம் பேசியது வேறொரு அம்மா, அவர்களும் நலம்.

போனில் சத்தமே இல்லை.

அந்த மௌனத்தில் வினோஜ் தலையைக் குனிந்துகொண்டான். அன்னக்கிளி முந்தானை இல்லாததால் தோர்த்தை எடுத்துக் கண்ணில் ஒற்றினார். அங்கே ஒரு மகன் நெஞ்சு உடைந்து நிற்கிறான் என்று நினைத்து ராஜையனும், பாவம், இவனிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று எண்ணிக்கொண்டார். ஜெபகனி போனைக் கையில் வாங்கி வாயருகே கொண்டுபோனார்.

“யாரு மக்கா பேசுகது? எபிசனா, சுபினா? தெரியல்லியே எனக்கு.”

மறுமுனை செருமியது.

“அப்பம் இந்தப் பத்தொம்பது நாளும் நம்ம கேட்டைப் பூட்டினது யாரு?”

ஜெபகனி போனை வினோஜிடம் திருப்பிக் கொடுத்தார்.

“சந்தேகமே இல்ல,” என்றார். “என் மகனாக்கும்.”